யுபிஎஸ் கத்தும் நேரம்



பெங்களூரின் கோடை மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. சாயங்காலம் திடீரென்று காற்று கிளம்பும், எங்கோ ஒரு கிளை முறியும், கரண்ட் போய்விடும். மேஜைக்கு அடியில் யுபிஎஸ் பீப் பீப் என்று கத்த ஆரம்பிக்கும். ஷட் டவுன் கொடுத்தால் திரையில் அந்த வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. 'யுபிஎஸ் சாவதற்குள் இது அணையுமா?' என்ற கேள்வி இந்தப் பருவத்தில் எங்கள் பத்திரிகைத் தபாலில் தவறாமல் வரும். தொழில்நுட்பப் பகுதிக்குத் தள்ளிவிடாமல் இந்த முறை நானே எடுத்துக்கொள்கிறேன்.

சிவனசமுத்திரத்து நீர்மின்சாரம் 1902இல் முதலில் போனது கோலார் தங்கவயலுக்கு, நம் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்த சுரங்கங்களுக்கு. பெங்களூர் சிட்டி மார்க்கெட் பக்கம் தெருவிளக்கு எரிந்தது 1905 ஆகஸ்ட் 5ஆம் தேதி. அத்தனை பழைய மின்சார ஊர் இது. ஆனாலும் மரங்கள் நிறைந்த ஊரில் கம்பிகள் மரங்களுக்கு நடுவேதான் ஓடுகின்றன. டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் யுபிஎஸ்ஸையும் சேர்த்தே வாங்குகிறோம்.

அணைவதற்கு ஏன் இத்தனை நேரம்? நம் வீடுகளில் விருந்தாளி கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். எழுந்து நின்ற பிறகு அரை மணி நேரம் ஆகும். பாட்டியிடம் சொல்ல வேண்டும், அடுப்படியில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும், வாசலில் நின்று இன்னொரு பேச்சு. விண்டோஸும் அப்படித்தான். திறந்திருக்கும் ஒவ்வொரு நிரலிடமும் 'கிளம்பலாமா?' என்று கேட்கிறது. சேமிக்காத கோப்பு வைத்திருக்கும் நிரல் 'கொஞ்சம் இரு' என்கிறது. பிறகு, நம் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் ஓடும் சர்வீஸ்களுக்கு முறை வருகிறது. நினைவகத்தில் தங்கியிருக்கும் தகவலை டிஸ்க்கில் எழுதி முடிப்பது கடைசி வேலை. பதில் சொல்லாத சர்வீஸுக்காக விண்டோஸ் எக்ஸ்பி 20 விநாடி வரை காத்திருந்தது. விண்டோஸ் 7இல் அது 12 ஆனது, விண்டோஸ் 8 முதல் 5.

நம்மில் மூத்தவர்களுக்கு இன்னொரு காட்சி நினைவிருக்கும். விண்டோஸ் 95 காலத்துக் கணினி தன்னைத் தானே அணைத்துக்கொள்ளாது. 'இனி நீங்கள் அணைக்கலாம்' என்று கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்தில் அனுமதி கொடுக்கும். நாம் குனிந்து பெட்டியின் சுவிட்சைத் தட்ட வேண்டும். ஏடிஎக்ஸ் வகை மதர்போர்டு பரவிய பிறகுதான் மென்பொருளே மின்சாரத்தைத் துண்டிக்கும் வசதி வந்தது. அனுமதி வருமுன் சுவிட்சைத் தட்டிவிட்டால் மறுமுறை டிஸ்க்கைச் சோதிக்கும் ஸ்கேன்டிஸ்க் ஓடும். நீலத்திரையில் அது ஊர்ந்து முடிக்கும்வரை காபி குடிக்கலாம்.

இந்தத் தாமதத்துக்கு வைத்தியம் என்ற பெயரில் ஒன்று காலங்காலமாகச் சுற்றிவருகிறது: விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திறந்து அந்த 5 விநாடியை 1 ஆக்கு, நிரல்களைக் கேட்காமலே கொல்லும்படி மாற்று. எனக்கு இதில் உடன்பாடில்லை. அணைவது வேகமாகும், உண்மைதான். எழுதிக்கொண்டிருந்தது பாதியில் அறுந்துபோகும் என்பதும் உண்மை. லினக்ஸ் உலகிலும் இதே வழக்குதான். அங்கே சிஸ்டம்டி என்னும் நிர்வாக நிரல், அடம்பிடிக்கும் சர்வீஸுக்கு வழக்கமாக 90 விநாடி தரும். ஃபெடோரா என்னும் லினக்ஸ் பதிப்பை உருவாக்குபவர்கள் அதில் 15 விநாடி போதும் என்று முன்மொழிந்தார்கள். விவாதத்துக்குப் பிறகு 2023இல் வந்த ஃபெடோரா 38இல் 45க்கு ஒப்புக்கொண்டார்கள். கெடுவைக் குறைத்தால் நோய் மறைகிறது, குணமாவதில்லை. யார் அடம்பிடிக்கிறார் என்று பார்ப்பதுதான் முறை.

பார்ப்பதற்கு வழியும் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. ஈவென்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபாமன்ஸ், ஆபரேஷனல் என்று படியிறங்குங்கள். 200 என்ற எண்ணுள்ள பதிவில் அணைய எவ்வளவு நேரம் ஆனது என்று மில்லி விநாடியில் இருக்கும். அதை அடுத்த எண்களில் தாமதப்படுத்தியவரின் பெயரே இருக்கும். பெரும்பாலும் பிரின்டருடன் வந்த கூடுதல் மென்பொருள், கோப்புகளை இணையத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கும் நிரல், ஒன்றுக்கு இரண்டாக நிறுவிய ஆன்டிவைரஸ், பழைய டிரைவர். பெயர் தெரிந்தால் அப்டேட் செய்யலாம், வேண்டாததென்றால் நீக்கலாம்.

ஒரு குறிப்பிட்ட குற்றவாளியையும் சொல்லிவிடுகிறேன். அணையும்போது பேஜ்ஃபைலை (நினைவகத்துக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் வைத்திருக்கும் கோப்பு) முழுக்க அழித்துவிடும்படி ஓர் அமைப்பு இருக்கிறது. பாதுகாப்புக்காகச் சில அலுவலகங்களில் அதை இயக்கிவைப்பார்கள். அப்படிப்பட்ட அலுவலகக் கணினி பிற்பாடு வீட்டுக் கணினியாகும்போது அந்த அமைப்பும் கூடவே வந்துவிடுகிறது. பல ஜிபி கோப்பைப் பூஜ்யங்களால் நிரப்பிவிட்டுத்தான் அது அணையும். ரகசியம் எதுவும் இல்லாத வீட்டில் அதை நிறுத்திவிடலாம். அலுவலகம் கொடுத்து இன்னும் அலுவலகத்துக்கே சொந்தமான மடிக்கணினி என்றால் கை வைக்காதீர்கள்.

இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கே வைத்திருப்பவர்கள் மேற்சொன்ன எதையும் செய்யுமுன் டவுன் ஹால் பக்கம் எஸ்.பி. ரோட்டுக்கு ஒரு நடை போய் எஸ்எஸ்டி ஒன்று வாங்கிவிடுங்கள். எந்த அமைப்பை மாற்றினாலும் இந்த வேகம் கிடைக்காது. ஆனால் அந்தப் பழைய டிஸ்க்கை நான் குறைத்துப் பேசமாட்டேன். கரண்ட் போன அந்த நொடியில், இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் தட்டுகளின் வேகத்தையே மின்சாரமாக்கி, படிக்கும் முனையைப் பத்திரமான இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் அது ஓயும். அருமையான பொறியியல்.

'தினமும் ராத்திரி ஷட் டவுன் செய்கிறேன், ஆனால் டாஸ்க் மேனேஜர் பல நாளாக ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டுகிறதே' என்று ஒரு சந்தேகமும் வந்திருக்கிறது. பொய் இல்லை. 2012இல் விண்டோஸ் 8 கொண்டுவந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பின் வேலை அது. உங்கள் நிரல்களை மூடிவிட்டு, விண்டோஸின் உள்மையத்தை (கெர்னல்) மட்டும் அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்து உறங்கவிடுகிறது. மறுநாள் சீக்கிரம் எழலாம். ஆனால் எழுதுவதற்கு நேரம் ஆகுமே, மெதுவான டிஸ்க்கில் அணைவது இழுக்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் அந்த ஒரு முறை முழுமையாக அணையும். ரீஸ்டார்ட் எப்போதும் முழுமையானதுதான். டிரைவர் கோளாறுகளுக்கு ரீஸ்டார்ட் செய்யச் சொல்வது இதனால்தான்.

ஒரு ஷட் டவுன் மெனுவுக்குப் பின்னால் எத்தனை பேர் தெரியுமா? விண்டோஸ் விஸ்டாவில் அந்த மெனுவுக்காக ஓராண்டு வேலை பார்த்த மொய்ஷி லெட்வின் என்ற பொறியாளர் 2006இல் கணக்குப் போட்டுச் சொன்னார்: மேலாளர்களையும் சேர்த்து, அதில் கருத்துச் சொல்ல உரிமையுள்ளவர்கள் 43 பேர். ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் இருக்கும் நம் வாசகர்கள் இதைப் படித்துச் சிரிக்கமாட்டார்கள், பெருமூச்சுதான் விடுவார்கள்.

சரி, மழைக்கு வருவோம். நல்ல யுபிஎஸ்களில் கணினியுடன் இணைக்க ஒரு யுஎஸ்பி கேபிள் உண்டு. அதைச் செருகிவிட்டால் விண்டோஸ் யுபிஎஸ்ஸை ஒரு பேட்டரியாகவே பார்க்கும். பேட்டரி இவ்வளவு குறைந்தால் ஹைபர்னேட் ஆகு என்று பவர் ஆப்ஷன்ஸில் சொல்லிவைக்கலாம். நீங்கள் பால் வாங்கப் போயிருந்தாலும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஸ்லீப் வேறு. அது நினைவகத்தில்தான் வைத்திருக்கும், கரண்ட் முழுதாகப் போனால் எல்லாம் போய்விடலாம். மலிவான யுபிஎஸ்களில் பலவற்றுக்கு இந்தக் கேபிளே கிடையாது. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் அதில் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் இடைவெளியைக் கணினியின் பவர் சப்ளை சுமார் 16 மில்லி விநாடிதான் தாங்கும். சாதாரண மோடில் அதைவிட அதிகம் ஆகலாம். விசிறி நிற்காது, விளக்கு இமைத்ததுகூடத் தெரியாது, கணினி மட்டும் ரீஸ்டார்ட் ஆகிவிடும். இன்வெர்ட்டர் கெட்டுவிட்டது என்று ஆளைக் கூப்பிடுமுன் அந்தச் சுவிட்சைப் பாருங்கள்.

நம் பத்திரிகைக்கு எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 'கரண்ட் போய்விட்டது சார், கட்டுரையும் போய்விட்டது' என்ற விளக்கத்தை நான் வருடக்கணக்காக மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டு வருகிறேன். வேர்டு தானாகவே பத்து நிமிடத்துக்கு ஒரு பிரதி எடுத்துவைக்கும் என்பது எனக்குத் தெரியும் என்பதை மட்டும் இங்கே பதிவுசெய்துகொள்கிறேன். அந்தப் பத்தை இரண்டு நிமிடமாகவும் குறைத்துவைக்கலாம்.

யுபிஎஸ் பழசாகி, கத்தத் தொடங்கிய உடனே செத்துவிடுகிறது என்றால், பெரும்பாலும் உள்ளே இருக்கும் பேட்டரிதான் காரணம். இரண்டு மூன்று வருடம்தான் அதன் ஆயுள். அதை மட்டும் மாற்றலாம், புது யுபிஎஸ் வேண்டியதில்லை. பழையதைக் குப்பையில் போடாதீர்கள், உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கிறது. புதியது வாங்கும் கடையிலேயே கொடுங்கள். பேரம் பேசினால் விலையிலும் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்