சோறு போட்ட கணக்கு

"பனியன் கம்பெனி இல்லாவிட்டால் திருப்பூர் ஏது? சோறு போட்ட தொழிலைக் குறை சொல்லலாமா?" என்கிறார்கள். முதல் பாதி சரிதான். தையல் மட்டும் தெரிந்து பஸ் ஏறி வந்தவர்கள் சிலரை முதலாளி ஆக்கிய ஊர் அது. ஆனால் சோற்றுக் கணக்கு எழுதும்போது தண்ணீர்க் கணக்கை மட்டும் ஏன் கிழித்துவிடுகிறீர்கள்?

பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் முடிந்தது. நொய்யல் ஆற்றின் வழியே அதில் வந்து தேங்கியது திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு. அணையைத் திறந்துவிடு என்று விவசாயி கேட்பதுதான் ஊர் வழக்கம். இங்கே இந்தத் தண்ணீரே வேண்டாம் என்று நீதிமன்றப் படி ஏற வேண்டியதாயிற்று. கிணறுகளும் உப்புக் கரித்தன. அந்த விவசாயிக்குப் பனியன் போட்ட சோறு எது?

2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். "ஊரே செத்துவிடும்" என்றார்கள். பொய்யில்லை. சாயம் நின்றால் கட்டிங், செக்கிங், அயர்ன், பேக்கிங், தெருமுனை டீக்கடை வரைக்கும் நிற்கும். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்குச் சனிக்கிழமைச் சம்பளக் கவர் மெலியும். லைன் வீட்டு வாடகை மெலியாது. இதை எப்படி ஐயா தொழிலின் பெருமையில் சேர்க்கிறீர்கள்? ஊரையே ஒற்றை நூலில் தொங்கவிட்டதற்கு நீங்களே தரும் வாக்குமூலம் அல்லவா?

சுத்திகரிப்பு கட்டுப்படியாகாது என்று அன்று அழுதார்கள். இன்று கழிவுநீரை வெளியே விடாத அதே பூஜ்யக் கழிவு முறையை வெளிநாட்டு பையர்களிடம் சாதனையாகக் காட்டி ஆர்டர் கேட்கிறார்கள்.