கிடைக்கவில்லை வேறு, இல்லை வேறு

“தேடிப் பார்த்தாச்சு, ஒண்ணும் கிடைக்கல” என்பது பாதி வாக்கியம். எங்கே தேடினீங்க, எந்த ஆண்டிலிருந்து தேடினீங்க என்பது மீதி. அதைச் சொல்லாதவரை நம்பக்கூடாது.

2001இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்துமா ஆய்வொன்றில் ஹெக்ஸாமெத்தோனியத்தைச் சுவாசித்த 24 வயதுத் தன்னார்வலர் நுரையீரல் பழுதாகி இறந்தார். ஆய்வுக்கு முன் பப்மெட்டில் தேடியிருந்தார்கள். அன்று அதன் பட்டியல் 1966இல்தான் தொடங்கியது. அந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கும் என்ற எச்சரிக்கைகளோ 1950களிலேயே அச்சாகி நூலகத்தில் இருந்தன.

பப்மெட் மேல் பழி போடாதீங்க. தேடுபெட்டிக்குள் இருப்பதுதான் மொத்த அறிவு என்று நினைக்கும் பழக்கமே குற்றவாளி. நாமோ இன்று முதல் பக்கத்தையே தாண்டுவதில்லை. பழைய இதழ்களைப் புரட்டுவது வெட்டிவேலை இல்லை. அங்கே ஓர் உயிர் காத்திருக்கலாம்.