எலும்பு சொல்லும் மெனு

காந்தல் டீக்கடை. வர்க்கியை நனைத்தபடி நண்பன் அடித்துச் சொன்னான்: "யானைன்னா புல்லுதான்டா! முதுமலைல என் கண்ணால பார்த்தேன்."

கண்ணை நம்பாமல் செத்த யானைகளின் எலும்பை ஆராய்ந்தவர்கள் விஞ்ஞானிகள் சுகுமாரும் ரமேஷும். நம் காட்டுப் புல்லில் கார்பன்-13 கொஞ்சம் தூக்கல். இலை, பட்டையில் கம்மி. தின்றதன் அடையாளம் எலும்புப் புரதத்தில் தங்கிவிடும். 1992-ல் வெளியான முடிவு: வளர்ந்த யானையின் உடம்பைக் கட்டியதில் பெரும்பங்கு மரம், செடிகள்! (காய்ந்த புல்லில் புரதம் ஏது?) ஆர்க்டிக்கின் ஆதிமனிதன் தின்றது கடல்நாயா, கலைமானா என்பதும் இப்படித்தான் தெரிகிறது.

"அப்ப மரத்தை வெட்டிட்டு புல்லை மட்டும் விட்டா?"

"யானைக்குப் பட்டினிதான்."

'நல்லா சாப்பிடறேம்மா' என்று ஊருக்குப் போன் பண்ணும்போதெல்லாம் இப்போது உதைக்கிறது. என் எலும்பை யாரும் ஆராயாமல் இருக்க வேண்டுமே!