பள்ளிக்கரணை யாருடைய எல்லை?

பள்ளிக்கரணையில் குடியிருப்பவர் வீட்டு வாசலில் குப்பை அள்ளப்படாவிட்டால் சென்னைக் கார்ப்பொரேஷனிடம் முறையிட வேண்டும். 2011-இல் அவ்வூர் அதனுடன் சேர்க்கப்பட்டது. அதே வீட்டில் இரவு களவு போனாலோ, 2022 ஜனவரியில் ஏற்பட்ட தாம்பரம் போலீஸ் கமிஷனரின் ஆளுகைக்குட்பட்ட ஸ்டேஷனுக்குச் செல்ல வேண்டும். மேற்கே சேலையூருக்குப் போய்விட்டால் குப்பைக்கும் தாம்பரம், களவுக்கும் தாம்பரம். கமிஷனரின் தாம்பரம் வேறு. 2021-இல் பிறந்த கார்ப்பொரேஷனின் தாம்பரம் வேறு. வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர் இதை அலைந்து திரிந்துதான் கற்க வேண்டியிருக்கிறது.

இனி அலைய வேண்டாம், வாயால் சொன்னால் போதும் என்று ஒரு புதிய காரியஸ்தன் புறப்பட்டிருக்கிறான். செயற்கை நுண்ணறிவு ஏஜெண்டு என்பது அவன் பெயர். மனுப் போடுவான், பணம் கட்டுவான், சீட்டுப் பதிவு செய்வான். ஆனால் இவற்றை அவன் தன் கையால் செய்வதில்லை. ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு கருவி அவனிடம் ஒப்படைக்கப்படுகிறது. கருவியின் பெயர், அது என்ன செய்யும் என்ற சில வரிக் குறிப்பு, அதற்குக் கொடுக்க வேண்டிய தகவல்களின் பட்டியல் ஆகியவையே அவன் பார்ப்பவை. உள்ளே நடப்பது அவனுக்குத் தெரியாது. குறிப்பைப் படித்துத்தான் கருவியைத் தேர்ந்தெடுக்கிறான். இப்படிக் கருவிகளை இணைப்பதற்கு ஆந்த்ரோபிக் கம்பெனி 2024 நவம்பரில் எம்.ஸி.பி. என்ற பொது முறையை வெளியிட்டது. கூடுவாஞ்சேரிப் பக்கம் பெரிய வளாகம் நடத்தும் நமது ஸோஹோவும் 2025-இல் அம்முறையைக் கைக்கொண்டது. ஆகையால் இது கடல் கடந்த சமாசாரம் என்று ஒதுக்குவதற்கில்லை.

நாளை ஒரு ஸ்தாபனம் தன் புகார்க் கருவிக்கு, “தாம்பரம் பகுதிப் புகார்களைப் பதிவு செய்யும்” என்று ஒரே வரியில் குறிப்பு எழுதி வைக்கிறது என்று கொள்வோம். வாசகத்தில் பிழையில்லை. எந்தத் தாம்பரம்? குப்பையா, களவா? பள்ளிக்கரணைக்காரர் கேட்டால் ஏற்பதா, மறுப்பதா? இவற்றுக்கு அதில் பதிலில்லை. அதிகார வரம்பில்லாத கோர்ட்டில் பிராது தாக்கலானால், உரிய கோர்ட்டில் தாக்கல் செய்யும்படி அதைத் திருப்பிக் கொடுக்க ஸிவில் நடைமுறைச் சட்டத்தின் 7-வது ஆர்டர் 10-வது விதி இடமளிக்கிறது. இந்தக் காரியஸ்தன் விஷயத்தில் திருப்பிக் கொடுக்க யாருமில்லாமற் போகலாம். பதிவு எண் வந்துவிடும். மனுதாரரும் நிம்மதியாக இருந்துவிடுவார். 2015 டிசம்பரில் முடிச்சூரும், 2023 டிசம்பரில் பள்ளிக்கரணையும் வெள்ளத்தில் கிடந்ததை மறக்காதவர்களுக்கு, அத்தகைய ஓர் இரவில் மனு தவறான வாசலில் கிடப்பதன் பொருளை நாம் விவரிக்கத் தேவையில்லை.

கெட்டிக்கார ஏஜெண்டு தானே புரிந்துகொள்வான் என்று சொல்லும் அன்பர்கள் உண்டு. புத்தி வேறு, எல்லை விவரம் வேறு. எழுதி வைக்காத எல்லையை எவ்வளவு கெட்டிக்காரனும் ஊகிக்கத்தான் முடியும்.

ஆகவே குறிப்பின் தரத்தை எப்படி மதிப்பிடுவது என்பதே கேள்வி. குறிப்பை மற்றோர் இயந்திரத்திடம் கொடுத்து, தெளிவுக்கு இத்தனை மார்க்கு, பூர்த்திக்கு இத்தனை மார்க்கு என்று வாங்கும் வழக்கம் இருக்கிறது. விட்டுப்போன தகவலைச் சுட்டிக்காட்ட அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் சரளமாக எழுதப்பட்ட பொய்க்கும் அங்கே நல்ல மார்க்கு கிடைக்கக் கூடும். நீளமும் குணமல்ல. (அப்படி எண்ணுவது எங்கள் வக்கீல் வர்க்கத்தின் பழைய வியாதி.) நம்பத்தக்க பரீட்சை ஒன்றே: ஜனங்கள் கேட்கும் கேள்விகளை ஏஜெண்டிடம் கேட்டு, எந்தக் கருவியை எடுத்தான், தகவல்களைச் சரியாக நிரப்பினானா, பொருத்தமான கருவி இல்லாதபோது சும்மா இருந்தானா என்று எண்ணிப் பார்ப்பது. பின்பு குறிப்பைத் திருத்தி, எழுதியவர் கண்ணில் படாத வேறு கேள்விகளைக் கொண்டு மறுபடி சோதிப்பது. ஆந்த்ரோபிக் கம்பெனியார் தங்கள் கிளாட், வலையில் தேடும்போது அவசியமின்றி “2025” என்று சேர்த்துத் தேடியதைக் கண்டுபிடித்தனர். கருவிக் குறிப்பைச் செம்மை செய்தே அதைச் சரிப்படுத்தியதாக 2025-இல் எழுதினர். ஏஜெண்டின் நடத்தையைக் கவனித்திராவிடில் குறிப்பின் குறை தெரிந்தேயிராது.

குறிப்பில் வஞ்சகமும் புகலாம். பயனாளியின் கண்ணில் படாத கட்டளைகளைக் கருவிக் குறிப்பில் ஒளித்து வைத்து ஏஜெண்டை ஏவ முடியும் என்பதை 2025 ஏப்ரலில் இன்வேரியண்ட் லாப்ஸ் என்ற ஸ்தாபனம் எடுத்துக் காட்டியது. ஆதலால் பொதுஜனக் காரியத்துக்கு வரும் கருவியின் குறிப்பு முழுவதும் பகிரங்கமாயிருக்க வேண்டும்.

மற்றொரு விஷயம், நமக்கு முக்கியமானது. குறிப்பு இங்கிலீஷில், சோதனைக் கேள்வியும் இங்கிலீஷில் என்று ஏற்பாடு செய்துவிட்டு, நூற்றுக்குத் தொண்ணூறு என்று மார்தட்டுவதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. “கேம்ப் ரோட்டுல தண்ணி நிக்குது”, “சானடோரியம் பக்கம் லைட்டு எரியல” என்றுதான் நம்மவர் கேட்பார்கள். வார்டு எண்ணை யார் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்? இப்பேச்சைக் கேட்டு ஏஜெண்டு சரியான கருவியை எடுத்தால் குறிப்பு தேறியது, இல்லையேல் தேறவில்லை.

இரு கார்ப்பொரேஷன்களும் போலீஸ் இலாகாவும் இத்தகைய கருவிகளைத் திறந்துவிட முன்வருமானால், குறிப்பையும் சோதனைக் கேள்விகளையும் தவறிய விடைகளையும் சேர்த்துப் பிரசுரிக்க வேண்டும். கேள்வி தயாரிக்கும் குழுவில் எஞ்சினீயர்களோடு பள்ளிக்கரணை வாசி ஒருவரும் உட்காரட்டும்.