ஊராட்சிக்கு ஓட்டே போடாத பிள்ளைகள்

2020 ஜனவரியில் எங்கள் சூளகிரி ஒன்றியம் ரெண்டு மூணு நாள் டிவியில் ஓடியது. காட்டிநாயக்கன்தொட்டி ஊராட்சிக்கு 21 வயசு கல்லூரி மாணவி சந்தியா ராணி தலைவராக ஜெயித்திருந்தார். பி.பி.ஏ. படித்துக்கொண்டிருந்த பெண். ஊராட்சித் தேர்தலில் நிற்பதற்கு அரசியல் சட்டம் கேட்கும் வயசே 21தான். அதைத் தொட்ட கையோடு நின்று ஜெயித்துவிட்டார். அதே தேர்தலில் மதுரை மேலூர் பக்கம் அரிட்டாபட்டியில் வீரம்மாள் பாட்டி 79 வயசில் ஜெயித்தார். பேத்தி படத்தையும் பாட்டி படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு எல்லாரும் சந்தோஷப்பட்டோம்.

அந்தச் சந்தோஷம் தப்பில்லை. ஆனால் அன்றைக்கு அந்தப் படத்தைப் பார்த்த பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதற்கப்புறம் என்ன கிடைத்தது என்று கேட்டால், பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது.

2019 டிசம்பர் 27, 30 என்று ரெண்டு கட்டமாக நடந்த தேர்தல் அது. அதில் வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்தது. கிருஷ்ணகிரியையும் சேர்த்து 28 மாவட்டங்களில் இன்றைக்கு ஊராட்சித் தலைவர் கிடையாது, வார்டு மெம்பர் கிடையாது. தனி அலுவலர்தான். ஐந்து வருஷம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்திவிட வேண்டும் என்று அரசியல் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. வார்டு வரையறை, இடஒதுக்கீடு என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கிடைக்கிறது. இது ஒரு கட்சி செய்த வேலையும் இல்லை. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல், பழங்குடியினர் இடஒதுக்கீட்டுப் பிரச்சினையில் ஐகோர்ட் போய் ரத்தாகி, மூன்று வருஷத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சிதான் ஓடியது. அப்போது வேறு கட்சி ஆட்சி. தேர்தலை இழுக்கிற விஷயத்தில் மட்டும் ரெண்டு பேருக்கும் நல்ல ஒற்றுமை.

என் தம்பி மகனுக்கு இப்போது 23 வயசு. 2021இல் சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போட்டான், 2024இல் பாராளுமன்றத்துக்குப் போட்டான். சொந்த ஊர் ஊராட்சிக்கு ஒரு தடவைகூடப் போட்டதில்லை. ஐ.டி.ஐ. முடித்து கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் இருக்கிறான். டெல்லிக்கு யார் போகணும் என்று கேட்ட நாடு, எங்கள் ஊர் தண்ணி டேங்க்கை யார் கழுவணும் என்று அவனிடம் இன்னும் கேட்கவில்லை.

அவன் தங்கச்சி இன்ஜினியரிங் மூணாவது வருஷம். அவள் அரசாங்கத்தை முதன்முதலில் நேரில் பார்த்தது முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கப் போனபோது. நகரத்துப் படிப்பாளிகளுக்கு இது புரியுமோ என்னவோ, சொல்லிவிடுகிறேன். குடும்பத்தில் அதுவரை யாரும் டிகிரி வாங்கவில்லை என்று தாசில்தார் ஆபீஸ் சான்று கொடுத்தால், கவுன்சிலிங்கில் சேர்கிற பிள்ளைக்குக் கட்டணத்தில் சலுகை உண்டு. அதற்கு அப்பா, அம்மா, அண்ணன் எல்லாரும் எதுவரை படித்தார்கள் என்று காகிதம் காட்ட வேண்டும். எங்கள் தம்பி சம்சாரம் மாலூர் பக்கத்துப் பெண். எட்டாவது வரை படித்த டி.சி. இருக்கிறது, ஆனால் கன்னடத்தில். ஆபீஸில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். தமிழில் எழுதி வாங்கி வா என்றார்கள். யாரிடம் எழுதி வாங்குவது என்று மட்டும் சொல்லவில்லை. இந்த எல்லைப் பக்கம் பெண் கொடுத்து பெண் எடுப்பது நேற்று ஆரம்பித்ததா? வீட்டுக்கு வீடு ஒரு கன்னட டி.சி. இருக்கும் தாலுக்காவில் இதற்கு ஒரு வழிமுறை இல்லை.

நாலு நடை நடந்தாள். அஞ்சாவது தடவைக்கு முன்னாடி ஊரில் கட்சிக்காரர் ஒருத்தர் தானாக வந்தார். "நான் ஒரு போன் போடறேன்மா, நீ ஏன் அலையறே" என்றார். போட்டார், வேலை முடிந்தது. காசு ஒன்றும் கேட்கவில்லை. அவர் நல்ல மனுஷன்தான், எனக்கும் வேண்டியவர். ஆனால் வீட்டுக்கு வந்து அவள் கேட்டாள்: "எனக்குச் சட்டப்படி வர வேண்டிய காகிதம்தானே பெரியப்பா, இதுக்கு நான் எதுக்கு அவருக்கு தேங்க்ஸ் சொல்லணும்? நாளைக்கு ஓட்டு கேட்டு வந்தா எப்பிடி மூஞ்சைத் திருப்பறது?"

பத்தாவது குடிமையியல் புத்தகத்தில் ஆளுநர் அதிகாரம், ராஜ்யசபா உறுப்பினர் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். இந்தக் கேள்வி இருக்காது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அரசியல் என்பது இந்த போன் கால் மூலமாகத்தான் அறிமுகமாகிறது. உரிமையை உதவியாக மாற்றிக் கொடுக்க நடுவில் ஒரு ஆள் எப்போதும் இருப்பார். ஊராட்சித் தலைவர் இருந்தால் அந்த வேலையை அவர்தான் செய்வார் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் அவரை அஞ்சு வருஷத்தில் கழற்றிவிடலாம். போன் போடுகிறவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அதனால் கழற்றவும் முடியாது.

போன ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற எல்லாருமே கிராம சபை உறுப்பினர்தான். எம்.எல்.ஏ. மாதிரி ஜெயிக்க வேண்டியதில்லை, 18 வயசானால் போதும். இது அவளுக்கே தெரியாது. "அது நூறு நாள் வேலைக்காரங்க மீட்டிங்தானே" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, பார்க்க அப்படித்தான் இருக்கும். மக்கள் தொகை 3,000க்கு மேல் 10,000க்குள் இருக்கும் ஊராட்சிக்கு 200 பேர் கோரம். அதை நிரப்ப நூறு நாள் வேலைப் பெண்களை வரச்சொல்லிவிடுவார்கள். கையெழுத்து, கைநாட்டு, ஒரு லட்டு, முடிந்தது. பள்ளிக்கூடத்துப் புங்க மரத்து நிழலில் நான் எண்ணிப் பார்த்தபோது எழுபது பேர். நோட்டில் கோரம் எப்படியோ நிறைந்திருந்தது.

எங்கள் ஊர் கிராம சபைக்கு ஒரு தனி லட்சணம் உண்டு. மினிட் நோட்டு தமிழில், சண்டை தெலுங்கில், கிண்டல் கன்னடத்தில். மேலே இருந்து வந்த பொருள் பட்டியலைத் தமிழில் படிப்பார்கள்: குடிநீர், டெங்கு, பிளாஸ்டிக் ஒழிப்பு. வயசான பெண்கள் பாதிப் பேருக்கு அந்தத் தமிழ் போய்ச் சேராது.

இவள் எழுந்து ரெண்டு கேட்டாள். வரவு செலவுக் கணக்கைப் படிவம் 30இல் சபைக்கு முன்னால் வைக்கணுமே, எங்கே? ரெண்டாவது, ஷிஃப்ட் நேரத்தில் கம்பெனி பஸ்ஸும் டேங்கர் லாரியும் ஓடி ஏரிக்கரை ரோடு குழியாகிவிட்டது, அது ஊராட்சி ரோடா, ஒன்றிய ரோடா, யார் போடணும்? வந்திருந்த அலுவலர் கோபப்படவில்லை. கணக்கு ஆபீஸில் இருக்கிறது, வந்து பார்க்கலாம், ரோடு விஷயம் எழுதிக்கொள்கிறோம் என்றார். அவருக்கு இதே மாதிரி எத்தனை ஊராட்சியோ பாவம். அடுத்த மாசம் மாற்றல் வந்தால் இந்த ரோட்டை அவர் மறுபடி பார்க்கப்போவதில்லை. தலைவர் இருந்தபோதும் இந்தக் கணக்கு லேசில் வராது. ஆனால் அவர் வீடு ஏரிக்கரைத் தெருவில் இருந்தது. ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் போய் நின்று கத்தலாம்.

அப்புறம் நிலம் பற்றி ஒரு தீர்மானம் எழுதணும் என்று சிலர் கேட்டார்கள். அது இன்றைய பொருளில் இல்லை என்று பதில் வந்தது. கூட்டம் கலைந்தது.

இந்த நிலம் விஷயத்துக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன். இந்தப் பகுதியில் எடுக்கப்படும் முடிவுகள் சின்ன முடிவுகள் இல்லை. 2023 தொடக்கத்தில் உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஊராட்சிகளில் அஞ்சாவது சிப்காட்டுக்கு மூவாயிரம் ஏக்கர் போல எடுக்கப் போகிறார்கள் என்று விவசாயிகள் வாரக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். 2024 ஜூனில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம், வருஷத்துக்கு 3 கோடி பயணிகள் என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். கம்பெனியே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. என் வீட்டுப் பிள்ளை சம்பளமே கம்பெனியில் இருந்துதான் வருகிறது. ராயக்கோட்டை மண்டியில் தக்காளி விலை விழுகிற வாரத்தில் அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. ஆனால் எந்த நிலம், எவ்வளவு, ஏரி வாய்க்கால் என்ன ஆகும் என்ற பேச்சை, பேசுவதற்கு ஆளே இல்லாத வருஷத்தில் நடத்தக்கூடாது.

சட்டமும் நம் பக்கம் பலமாக இல்லை. இதைத் தேடிப் படித்துச் சொன்னது அவள்தான். 2013ஆம் வருஷத்து மத்திய நிலமெடுப்புச் சட்டப்படி, சமூகத் தாக்க மதிப்பீடு செய்யணும், கிராம சபையைக் கலந்து பேசணும். ஆனால் தமிழ்நாட்டில் தொழிற்சாலைக்கு நிலம் எடுக்க 1997ஆம் வருஷத்து மாநிலச் சட்டம் தனியாக இருக்கிறது. அதில் அந்த ரெண்டும் கிடையாது. 2019 ஜூலையில் சென்னை ஐகோர்ட் அதைச் செல்லாது என்றது. உடனே சட்டமன்றம் அதற்கு உயிர் கொடுத்துப் புதுச் சட்டம் போட்டது. 2021 ஜூனில் சுப்ரீம் கோர்ட் அந்தப் புதுச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. அதாவது எங்கள் கிராம சபை தீர்மானம் போட்டாலும் அதனால் மட்டும் சிப்காட் நிற்காது.

"அப்ப எதுக்கு பெரியப்பா அங்க போய் உக்காரணும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நான் அரிட்டாபட்டியைச் சொன்னேன். வீரம்மாள் பாட்டி ஜெயித்த அதே ஊர். டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்கு எதிராக 2024 நவம்பரில் கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். சுற்று வட்டார ஊர்களெல்லாம் சேர்ந்தன, மதுரை வரைக்கும் நடந்தார்கள். டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றமே தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஒரு நோட்டுத் தீர்மானத்தால் மட்டும் அது நடக்கவில்லை, தெரியும். ஆனால் ஊர் என்ன சொல்கிறது என்பதற்கு ஒரு காகிதம் இருந்தது. அதைக் கேட்டு எழுதிய நாளில் அங்கே நாற்காலியில் இருந்தது ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்த தலைவர். ரெண்டு மாசம் தள்ளி வந்திருந்தால் அதுவும் தனி அலுவலர் கையில்தான்.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு விஷயம் எனக்குப் பொறாமையாகவே இருக்கும். அத்திப்பள்ளி தாண்டினால் ஆனேக்கல் தாலுக்கா. கர்நாடகாவில் வருஷத்துக்கு ஒரு தடவை ஊராட்சிதோறும் 'மக்கள கிராம சபெ' நடத்தணும். கன்னடத்தில் மக்களு என்றால் பிள்ளைகள். நம் ஆட்கள் போர்டைப் படித்துவிட்டு மக்கள் கிராம சபை என்று நினைத்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்கார்ந்து கேட்பார்கள்: கக்கூஸில் ஏன் தண்ணி இல்லை, பஸ் ஏன் நிற்பதில்லை. ஊராட்சிக்காரர்கள் எழுந்து பதில் சொல்லணும். எல்லா ஊரிலும் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லமாட்டேன், போட்டோவுக்கு நடக்கிற ஊரும் இருக்கும். இருந்தாலும் பன்னிரண்டு வயசுப் பிள்ளை தலைவரைப் பார்த்துக் கேள்வி கேட்க ஒரு நாளாவது கொடுத்திருக்கிறார்கள். இங்கே 23 வயசுப் பையன் யாரைப் பார்த்துக் கேட்பான்?

மாணவர்கள் அரசியலுக்கு வரணும் என்று மேடையில் பேசாத தலைவர் இல்லை. வந்து எங்கே நிற்பது? மாநாட்டில் நாற்காலி போடவா? எனக்குத் தெரிந்து ஒரு பிள்ளை கட்சிக் கொடி பிடிக்காமல், யாருக்கும் கடன்படாமல் அரசியல் கற்றுக்கொள்ள முடிகிற ஒரே இடம் ஊராட்சிதான். வார்டு மெம்பர் பதவிக்குச் சின்னம்கூடக் கட்சிச் சின்னம் கிடையாது. அந்த இடத்தைத்தான் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

சென்னை, பெங்களூரில் இருந்து இதைப் படிக்கிற நிறையப் பேருக்கு ஓட்டு இன்னும் ஊரில்தான் இருக்கிறது. பொங்கலுக்கு வருகிற மாதிரி ஒரு கிராம சபைக்கும் பஸ் ஏறுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு. பாதி நாள் உங்களுக்கு லீவுதான். காலேஜ் பிள்ளை வீட்டில் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள். நோட்டில் இருக்கிற கையெழுத்தும் நிழலில் உட்கார்ந்திருக்கிற தலையும் ஒன்றா என்று எண்ணிப் பார்க்க இன்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டு இன்ஜினியர் சும்மா இல்லை. ஆகஸ்ட் 15 தீர்மான நகலும் படிவம் 30ம் வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியிருக்கிறாள். போன் போட வந்தவரிடம் இந்த முறை வேண்டாம் மாமா என்று சொல்லிவிட்டாள். அடுத்த சபைக்கு, நிலத் தீர்மானத்தைப் பொருளில் சேர்க்கச் சொல்லி ஒரு மனு எழுதி, கூடப் படிக்கிற மூணு பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறாள். அவள் அம்மா அதைத் தெலுங்கில் சொல்லி, தெருவில் நாற்பது கையெழுத்து வாங்கிவிட்டார். ஆர்.டி.ஐ. பதிலுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் பாக்கி இருக்கிறது. வந்ததும் இங்கேயே போடுகிறேன்.