வீதியில் அல்ல, களத்தில்



பெருநகரங்களில் குடியேறி, பிரயாசப்பட்டுச் சம்பாதித்து, வங்கிக் கடனில் முதல் காரை வாங்கிய குடும்பங்கள் நம்மிடையே அநேகம். அந்தக் காரின் சாவி இன்று வாலிப வயது மகனின் கையிலோ மகளின் கையிலோ இருக்கிறது. நள்ளிரவில் நெடுஞ்சாலைகளில் வேகத்தைச் சோதித்துப் பார்க்கும் வாலிபரைக் குறித்துச் செய்தித்தாளில் வாசிக்கும்போதெல்லாம் பெற்றோரின் உள்ளம் கலங்குகிறது. "வேகமாக ஓட்டாதே" என்று சொல்வது மட்டும் போதுமா? வேகத்தின்மேல் ஆவல் கொண்ட பிள்ளைக்கு, அதைக் கட்டுப்பாட்டோடு கற்றுக்கொள்ளத்தக்க இடம் ஒன்று உண்டு என்பதையும் சொல்லவேண்டும். அதுவே ஆட்டோகிராஸ்.

ஒரு திறந்த வெளியில் கூம்புகளையும் பழைய டயர்களையும் வைத்து வளைந்து செல்லும் பாதை அமைப்பார்கள். ஓட்டுநர் கடிகாரத்தோடு போட்டியிடுகிறாரே தவிர, பக்கத்து வாகனத்தோடு முட்டி மோதுவதில்லை. குறைந்த நேரத்தில் முடிப்பவரே வெற்றி பெறுவார். கூம்பைத் தட்டினால் அவருடைய நேரத்தோடு தண்டனை விநாடிகள் கூட்டப்படும். நம் நாட்டில் இப்போட்டிகள் பெரும்பாலும் மண்தரையில் நடைபெறுகின்றன. புதியவர்களுக்கும் பெண்களுக்கும் தனிப்பிரிவு வைப்பதும் உண்டு.

முதலாவது, சட்டத்தை அறிந்துகொள்ளுங்கள். மாநில அரசின் எழுத்துமூலமான அனுமதியின்றிப் பொது இடத்தில் பந்தயம் ஓட்டுவது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 189ஆம் பிரிவின்படி குற்றமாகும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். ஆகவே எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்னும் இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு அனுமதித்த போட்டிகளையே தெரிந்துகொள்ளுங்கள். அதற்கான போட்டி உரிமத்தையும் முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, செலவைக் கணக்குப் பாருங்கள். நாம் சாதாரணமாக எடுக்கும் கார் காப்பீட்டில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டிருக்கின்றன. களத்தில் கார் சேதமடைந்தால் பழுது பார்க்கும் செலவு முழுவதும் உங்கள் தலைமேல்தான் விழும். தவணை இன்னும் முடியாத கார் என்றால், வீட்டாரோடு உட்கார்ந்து பேசாமல் பெயர் கொடுக்கவேண்டாம். வார இறுதியில் நடைபெறும் போட்டியானால், அந்த நாட்களின் மற்றக் கடமைகளையும் சேர்த்து யோசியுங்கள்.

மூன்றாவது, காரை ஆயத்தப்படுத்துங்கள். புதிய எஞ்சினோ விலையுயர்ந்த டயரோ வேண்டியதில்லை. சீரான நிலையிலுள்ள கார் போதும். பிரேக் ஆயிலின் அளவு, பிரேக் பேடின் கனம், பேட்டரி அசையாமல் இறுகியிருப்பது, சக்கர நட்டுகள் முறுக்கப்பட்டிருப்பது ஆகியவற்றை மெக்கானிக்கைக் கொண்டு சோதியுங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றழுத்தத்தைப் பாருங்கள். கால் மிதியடி, தண்ணீர் பாட்டில், ஜாக்கி, டிக்கியிலுள்ள சாமான்கள் யாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். உருண்டுவந்து பிரேக் பெடலின் கீழ் சிக்கும் ஒரு பாட்டில் உயிருக்கே ஆபத்தாகும்.

நான்காவது, உங்களை ஆயத்தப்படுத்துங்கள். எந்தத் தரச்சான்றுள்ள தலைக்கவசம் ஏற்கப்படும் என்பதைப் போட்டி விதிகளில் வாசித்தபின் வாங்குங்கள். முழுக்கைப் பருத்திச் சட்டையும் மூடிய காலணியும் அணியுங்கள். தோள்கள் இருக்கையில் சாய்ந்திருக்க, நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியைத் தொடுமாறு இருக்கையைச் சரிசெய்யுங்கள். முந்தின இரவு நன்றாக உறங்குங்கள்.

போட்டி நாளில் பாதையை நடந்து பார்க்க அனுமதிப்பார்கள். ஒரு முறை நடந்து திருப்தியடையாமல், கண்ணை மூடினால் பாதை முழுவதும் மனதில் ஓடும்வரை நடந்து பாருங்கள். பாதை மாறிப்போனால், எவ்வளவு விரைவாக ஓட்டினாலும் பயனில்லை.

ஓட்டும்போது பார்வை அருகிலுள்ள கூம்பின்மேல் அல்ல, அடுத்த திருப்பத்தின்மேல் இருக்கட்டும். கண் போகும் இடத்துக்கே கையும் போகும். நேர்பாதையிலேயே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு திரும்பி, திருப்பம் முடிகையில் ஆக்ஸிலேட்டரை மெதுவாய் மிதியுங்கள். முன்சக்கர இழுவையுள்ள கார் திரும்பாமல் நேராக வழுக்கினால், ஸ்டியரிங்கை மேலும் முறுக்காமல் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைச் சற்றுத் தளர்த்துங்கள்; டயர் மறுபடியும் பிடிமானம் பெறும்.

முதல் போட்டியில் கோப்பையை எதிர்பார்க்கவேண்டாம். இரண்டாம் ஓட்டம் முதல் ஓட்டத்தைவிட ஒழுங்காயிருந்தால் அதுவே ஆதாயம். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் கார் ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இந்தக் கணக்கை ஏட்டில் படித்தவர் மறந்துவிடலாம். தன் கார் வழுக்கிப்போய்க் கூம்பைச் சாய்த்ததைக் கண்டவர் எளிதில் மறப்பதில்லை.

பெற்றோரே, அந்நாளில் நீங்களும் கூடப்போய் நில்லுங்கள். ஓட்டம் முடிந்ததும் சக்கர நட்டுகளையும் டயர்களையும் மறுபடியும் சோதிக்கச் சொல்லுங்கள். களத்தின் பரபரப்பு அடங்கும்வரை சற்று நேரம் இளைப்பாறிவிட்டுப் புறப்படுங்கள். வீட்டுக்குத் திரும்பும் சாலையில் கூம்புகள் இல்லை. அங்கே நடந்துபோகிறவர்கள் மனுஷர்.