கொலைகாரன் யார்?

நண்பர் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் குள்ளக் கௌராமி ஜோடி ஒன்று இருந்தது. முட்டையிட்ட மறுநாள் பெண்மீன் செத்து மிதந்தது. "கட்டிய மனைவியையே கொன்றுவிட்டானே, அரக்கன்!" என்றார் நண்பர்.

அந்த அரக்கன் செய்த குற்றம் என்ன? எச்சில் பூசிய காற்றுக் குமிழிகளோடு செடித் துணுக்குகளையும் சேர்த்து, நீர்ப்பரப்பில் கூடு கட்டினான். பெண்ணை வளைத்துத் தழுவினான். சிதறிய முட்டைகளை வாயால் பொறுக்கிக் கூட்டில் சேர்த்தான். பிறகு, முட்டைகளின் பக்கம் வந்த எவரையும் துரத்தினான், அவளையும்தான். கங்கை, பிரம்மபுத்திரா வெளிகளின் தேங்கிய நீராக இருந்தால் அவள் விலகிப் போய்ச் செடிகளுக்குள் மறைந்திருப்பாள். இரண்டடித் தொட்டியில் எங்கே போவாள்?

வேறு சிலர் அவனை உத்தமத் தகப்பன் என்று கொண்டாடுகிறார்கள். அதுவும் பிதற்றல்தான். ஒன்றிரண்டு நாளில் முட்டை பொரித்து, மேலும் சில நாளில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். அப்போதும் அவனை அங்கேயே விட்டுவைத்தால், காத்த குஞ்சுகளை அவனே தின்றாலும் தின்பான். மீனுக்கு நம்முடைய நீதிநூல் தெரியாது.

நமக்குத் தெரியும் அல்லவா? அடர்ந்த செடி வைத்திருக்கலாம். முட்டையிட்டதும் பெண்ணையும், குஞ்சுகள் நீந்தியதும் ஆணையும் வேறு தொட்டிக்கு மாற்றலாம். இதற்குச் சோம்பல்பட்டுவிட்டு மீனை ஏசுவது, வீட்டைப் பூட்டிக் கொளுத்தியவன் நெருப்பைத் திட்டுவது போலத்தான்.

கொன்றது மீனல்ல, ஐயா. நான்கு கண்ணாடிச் சுவர்கள். அவற்றை நிறுத்தியவர்கள் நாம்.